மேடை நிகழ்ச்சியைப் படமா எடுத்ததை உட்கார்ந்து பார்க்கிறதுல என்ன இருக்கு? நேர்ல பார்க்கிற மாதிரி வருமா?

"பாட்டு டான்ஸ் நாடகம் எல்லாம் கலந்ததுன்னு சொல்லி அமெரிக்கன் யுடோபியாவைப் பாருன்னு ஃப்ரெண்ட்ஸ் உயிரை வாங்குறாங்க, கச்சேரி வீடியோ தானே அது"ன்னு கேள்விக்குக் கீழ எழுதியிருக்கீங்க. அனேகமா நீங்க ஏற்கனவே ஏதாவது கச்சேரி வீடியோவைப் போட்டு, பாடுறவர் வாயையும் கைதட்டுற கூட்டத்தையும் மாத்தி மாத்திக் காட்டினதுல வெறுத்துப் போயிருப்பீங்க. அந்தக் கடுப்பு நியாயமானது. எனக்கு உங்களைவிட ஜாஸ்தி, ஏன்னா அந்த மாதிரி வீடியோக்கள்ல காணாமப் போற ஆள் நான்.

ரொம்ப வருஷம் க்ரூப் டான்ஸரா இருந்தேன், பெரும்பாலும் பின்வரிசை. ஒரு மேடை நிகழ்ச்சில பாடகர் முன்னாடி நிக்க, பின்னாடி நாங்க ரெண்டு வரிசையா எதிரெதிரா ஓடி வந்து, ஒருத்தர் இடைவெளில இன்னொருத்தர் புகுந்து, யார் மேலயும் இடிக்காம அந்தப் பக்கம் போய் நிக்கணும், அதுவும் தாளம் மாறுற அதே இடத்துல. ஒரு அடி தப்பினா நாலு பேர் விழுவாங்க. அதுக்காக முட்டி வீங்கற வரைக்கும் ரிகர்சல். அன்னைக்கு அரங்கத்துல அந்த இடத்துக்குத்தான் பெரிய கைதட்டல் விழுந்துச்சு. வீடியோ வந்தப்போ சரியா அந்த நேரத்துல கேமரா பாடகர் முகத்துக்குப் போயிடுச்சு, நெத்தி வேர்வை தெரியுது, மைக் வலை தெரியுது, அவர் தோளுக்குப் பின்னாடி என் முழங்கை ஒரு நொடி வந்துட்டுப் போகுது. அம்மா டிவி பக்கத்துலயே போய் நின்னு "இதுல நீ எங்கடா"ன்னு கேட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல.

அதனாலதான் அமெரிக்கன் யுடோபியா எனக்கு அவ்ளோ முக்கியம். நியூயார்க் ஹட்சன் தியேட்டர்ல பாடகர் டேவிட் பைர்ன் நடத்தின நிகழ்ச்சி, டைரக்டர் ஸ்பைக் லீ படமா எடுத்து 2020ல வெளியாச்சு. பைர்னோட சேத்து மேடையில 12 பேர், எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிற சூட், வெறுங்கால். ஒரு ஒயர் கூட கண்ணுல படாது. வழக்கமா டிரம்ஸ்காரர் பின்னாடி உக்காந்த இடத்தைவிட்டு நகர முடியாதில்லையா, இங்க டிரம்ஸை தனித்தனியா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா உடம்புல மாட்டி விட்டுட்டாங்க. அதனால வாசிக்கிறவங்களும் ஆடுறாங்க, யாருமே "பின்னணி" கிடையாது. நடன அமைப்பு ஆனி-பி பார்சன். ஸ்பைக் லீ செஞ்ச நல்ல காரியம், வரிசை மாறுற இடங்கள்ல காலோட சேத்து முழு ஆளையும் காட்டுறார், அப்பப்போ கேமராவை உச்சில வெச்சு மேலேருந்து காட்டுறார். எவ்ளோ பெரிய டிக்கெட் வாங்கினாலும் அந்த சீட் உங்களுக்குக் கிடைக்காது. மேலேருந்து பாக்கும்போதுதான் யார் எங்கேருந்து எங்க போறாங்கங்கிற கணக்கே புரியுது. அதை முதல்தடவை பாத்தப்போ ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தரோட காலை மட்டும் பாத்துட்டு இருந்தேன்.

உடனே "நேர்ல பாக்கிறதுக்கு ஈடாகுமா"ன்னு சண்டைக்கு வராதீங்க. ஈடுன்னு நான் சொல்லவே இல்ல. பேஸ் சத்தம் நெஞ்சுல வந்து மோதுறது, பக்கத்து சீட்காரரோட சேந்து எந்திரிக்கிறது, இதெல்லாம் திரையில வராது. ஆனா அந்த நிகழ்ச்சி 2022லயே முடிஞ்சு போச்சு, இப்போ போய் எதை நேர்ல பாக்கிறது? தவிர மேடையில இல்லாத ஒண்ணு படத்துல இருக்கு. போலீஸ் கையாலயும் இனவெறியாலயும் செத்துப் போன கறுப்பினத்தவங்களோட பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுற, பாடகி ஜெனல் மோனேயோட பாட்டு ஒண்ணு வருது, அங்க ஸ்பைக் லீ அவங்க போட்டோவையும், அந்தப் படங்களைக் கையில பிடிச்சிட்டு நிக்கிற குடும்பத்தாரையும் நடுவுல கொண்டு வரார். அதைப் பாத்த அப்புறமும் இது வெறும் ரெக்கார்டிங்னு சொல்ல எனக்கு வாய் வராது.

இதே பைர்ன் டாக்கிங் ஹெட்ஸ் பேண்ட்ல இருந்தப்போ, 1983 டிசம்பர்ல ஹாலிவுட் பான்டேஜஸ் தியேட்டர்ல நடந்த கச்சேரியை டைரக்டர் ஜோனதன் டெம்மி படமா எடுத்திருக்கார், பேர் ஸ்டாப் மேக்கிங் சென்ஸ், 1984. காலி மேடைக்கு ஒரு ஆள் கிட்டாரோட வரார், அப்புறம் பாட்டுக்கு ஒருத்தரா சேந்துக்கிட்டே போறாங்க, மேடையைக் கட்டுற ஆளுங்க கூட கண்ணு முன்னாடியே சாமான்களைத் தள்ளிட்டு வராங்க. பார்வையாளர் கூட்டத்தைக் கடைசி வரைக்கும் பெருசா காட்டவே மாட்டார், "எல்லாரும் ரசிக்கிறாங்க பாரு நீயும் ரசி"ன்னு நம்மளைக் கட்டாயப்படுத்துறதே இல்ல. நீங்க ஸ்டாப் மேக்கிங் சென்ஸை முதல்ல பாத்துட்டு அமெரிக்கன் யுடோபியாவுக்குப் போங்க. மொபைல்ல மட்டும் வேண்டாம், கால் தெரியணும்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனாலும் சொல்லிடுறேன். நான் வெச்சிருக்கிற ஓடிடி ஆப்ல எந்தப் படம் முடிஞ்சாலும் பேர் ஓட ஆரம்பிச்ச உடனே திரை ஒரு மூலைக்கு சுருங்கிடும், அடுத்து இதைப் பாருன்னு வேற எதையோ காட்டும். அமெரிக்கன் யுடோபியாவுல பாடிக்கிட்டே ஆடுற ரெண்டு பேர், கிறிஸ் ஜியார்மோ, டெண்டாயி கூம்பா, பைர்னுக்கு அடுத்தபடியா என் கண்ணு அவங்க மேலதான் இருந்துச்சு. அவங்க பேரை அந்த ஆப்ல படிக்க முடியல, வெளியில தேடித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். படம் முழுக்க ஆடினவங்க பேரைப் போடுற அந்த ரெண்டு நிமிஷத்துல ஆப்காரங்களுக்கு என்ன நஷ்டம் வந்துடப் போகுது? செட்டிங்ஸ்ல போய் அடுத்த வீடியோ தானா ஓடுறதை நிறுத்திப் பாருங்க, சில ஆப்ல சுருங்குறது நிக்குது, என்னோடதுல அதுவும் வேலைக்கு ஆகல. கஸ்டமர் கேருக்கு எழுதிப் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரு பதில் வந்துச்சு, அவ்ளோதான்.