சாப்பாடு போட்டால் சம்பளம் குறையுமா?

ஓட்டல், லாட்ஜ் ஊழியர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏப்ரலில் கூலி கூடியதாகச் சொல்கிறார்கள். எங்கள் கடையில் பைசா கூடவில்லையே? (சப்ளையர், நெல்லை ஜங்ஷன்)

பதில்: அடிப்படைச் சம்பளத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அரசு திருத்தும். ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுவது விலைவாசிப் புள்ளியை (விலை ஏற்றத்தைக் காட்டும் எண்) வைத்துக் கணக்கிடும் அகவிலைப்படி. இரண்டும் சேர்ந்ததுதான் குறைந்தபட்சக் கூலி. சம்பளச் சீட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு எவ்வளவு வர வேண்டும்? (அம்பாசமுத்திரம்)

பதில்: ஜோசியமா பார்க்க முடியும்? பரோட்டா மாஸ்டருக்கு ஒரு தொகை, கிளீனருக்கு ஒரு தொகை, ஊரைப் பொறுத்தும் மாறும். என்ன வேலை, எந்த ஊர்க் கடை என்று எழுதுங்கள்.

கேள்வி: குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் லாட்ஜில் ரூம் பாய் வேலை. சாப்பாடு, தங்கல் என்று மாதம் பாதிச் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள். சரியா?

பதில்: இந்தக் கேள்வி ஆனி, ஆடி வந்தால் தவறாமல் வரும். சாரல் அடிக்கும்போது கூடும் கூட்டத்துக்கு ராப்பகலாக ஆள் வேண்டும். அந்த ஆள் தூங்குவது மாடிப்படி அடியில், சாப்பிடுவது மிஞ்சிய சாம்பார். அதற்கு விலை போட்டுக் கூலியில் கழிக்கிறார்கள்! கூலி என்பது பணம். தங்க இடம் தந்தால் பிடிக்கச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அது இஷ்டத்துக்குப் போடும் விலை அல்ல. சாப்பாட்டுக்கு அரசு அனுமதித்த அளவுக்கு மேல் கை வைக்க முடியாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் பிடித்தம் அந்த விளிம்பில் நிற்கிறது.

இன்னொன்று, சீசன் ஆள் என்பதால் கூலி குறையாது. நாள் கூலிக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும், 30-ஆல் அல்ல. மாதம் 13,000 என்றால் நாளுக்கு 500. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டிப்பு. வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: டிப்ஸைச் சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார் முதலாளி. (தென்காசி)

பதில்: டிப்ஸ் கொடுப்பது வாடிக்கையாளர். சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி. சேராது.

கேள்வி: வடக்கிலிருந்து வந்த பையன்கள் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்தே போட்டிருக்கிறார்கள். பிறகென்ன? (ஓட்டல் உரிமையாளர், பாளையங்கோட்டை)

பதில்: அந்தத் தாள் செல்லாது. குறைந்தபட்சக் கூலியை விட்டுக்கொடுக்கும் உரிமை தொழிலாளிக்கே கிடையாது. எந்த ஊர்க்காரர் ஆனாலும் இதுதான். புகார் போனால் வித்தியாசத் தொகையோடு அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். பையன்களும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: சென்ற மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டேன். பாக்கியை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள். (களக்காடு)

பதில்: 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்ட 2 வேலை நாளில் கணக்கு முடித்திருக்க வேண்டும். கோரிக்கை வைக்க 3 ஆண்டு அவகாசம் உண்டு, அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். திருநெல்வேலி தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டும் வேலை நேரம் எழுதிய நோட்டும் இல்லாமல் போகாதீர்கள்.