கார் சார்ஜருக்குத் தனி லைன் ஏன் வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்சார காருக்கு வீட்டில் சார்ஜர் மாட்டுவது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதிக் கேள்விகள் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன, அதனால் முதல் இரண்டு பதில்கள் கொஞ்சம் நீளம்.

கேள்வி: காரோடு ஒரு கையடக்க சார்ஜர் கொடுத்தார்கள். வாஷிங் மெஷினுக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் அதைச் செருகி ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறேன். காலையில் பிளக்கைத் தொட்டால் நன்றாகச் சுடுகிறது, ஆனால் கார் ஒழுங்காக சார்ஜ் ஆகிவிடுகிறது. இப்படியே தொடரலாமா சார்?

பதில்: வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள். கார் சார்ஜ் ஆவதை வைத்துக்கொண்டு பிளக் பாயிண்ட் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் கொஞ்ச நேரம்தான் அதிக ஆம்பியர் இழுக்கும். கெய்சர் சூடு ஏறியதும் தானே அணைந்துவிடும், பழைய மாதிரி ஏசியின் கம்ப்ரசரும் விட்டு விட்டுத்தான் ஓடும். இடையில் கிடைக்கும் அந்த ஓய்வில் வயரும் சாக்கெட்டும் ஆறிவிடும். காருக்கு ஓய்வே கிடையாது. 40 கிலோவாட் மணி பேட்டரியை 16 ஆம்பியரில், அதாவது சுமார் 3.7 கிலோவாட்டில், அடியிலிருந்து நிரப்ப விரயத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும், கடைசிக் கொஞ்ச நேரத்தைத் தவிர அவ்வளவு நேரமும் முழு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாக்கெட்டுக்குள் பிளக் பின்னைப் பிடித்திருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்தோ, பின்னால் வயரை முறுக்கிய ஸ்க்ரூ லூசாகவோ இருந்து, அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை உண்டானாலே போதும். ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது சூடு. 16 ஆம்பியரில் 25 வாட்டுக்கு மேல் வரும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் வைத்து ராத்திரி முழுக்க ஓடவிடுவது மாதிரி அது. எம்.சி.பி. (ஆம்பியர் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அதன் வழியாகப் போவது அதே 16 ஆம்பியர்தான், அதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். சூடேறினால் தகடு இன்னும் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். பிளாஸ்டிக் பழுப்பாகி வாசனை வர ஆரம்பிப்பது இப்படித்தான்.

டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) நடுவில் எங்கும் ஜாயிண்ட் இல்லாமல் காருக்கென்று ஒரு தனி லைன் இழுத்து, முடிவில் சுவரில் மாட்டும் சார்ஜரையோ கனமான இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டையோ போடுங்கள். அதுவரை சார்ஜ் போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் அந்த சாக்கெட்டைப் புதிதாக மாற்றிவிட்டு, காரிலோ சார்ஜரிலோ ஆம்பியரை 10-க்குக் குறையுங்கள். அதே கெட்ட ஜாயிண்டில்கூட சூடு 10 வாட்டுக்கு இறங்கிவிடும். அப்படியும் சுட்டால் கழற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, அதிலும் சுருட்டி வைத்த வயர் உள்ளுக்குள்ளேயே சூட்டை அடைத்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: 7.4 கிலோவாட் சார்ஜர் வாங்குகிறேன். டி.பி. பாக்ஸிலிருந்து கார் நிற்கும் இடம் 25 மீட்டர். 4 ஸ்கொயர் எம்.எம். வயர் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கடைக்காரர் 6 என்கிறார். எம்.சி.பி. எத்தனை ஆம்பியர் போடுவது?

பதில்: 4 ஸ்கொயர் எம்.எம். (தாமிரக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு) போதாது. 6 போதுமா என்பது உங்கள் இடத்து வெயிலைப் பொறுத்தது.

7.4 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 32 ஆம்பியர். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) அட்டவணைப்படி, சுவர்மேல் பைப்பில் போகும் பி.வி.சி. தாமிர வயர், சுற்றுப்புறம் 30 டிகிரி இருக்கும்போது, 4 ஸ்கொயருக்கு 32 ஆம்பியரும் 6-க்கு 41-உம் 10-க்கு 57-உம் தாங்கும். 4 ஸ்கொயர் சரியாகப் பொருந்துகிறதே என்று உங்கள் எலக்ட்ரீஷியன் நினைத்திருக்கலாம். ஆனால் சுற்றுப்புறம் 40 டிகிரி ஆனால் இந்த எண்களை 0.87-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 4 ஸ்கொயர் 28 ஆம்பியருக்கும் 6 ஸ்கொயர் 35-க்குச் சற்று மேலும் இறங்கிவிடும். பக்கத்தில் வேறு லைன்களும் அதே பைப்பில் போனால் இன்னும் குறையும்.

எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, சார்ஜரை அல்ல. எனவே அதன் அளவு வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக்கூடாது. 6 ஸ்கொயரில் 40 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிட்டால் 40 டிகிரி வெயிலில் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. சரி, 32 போடலாமா என்றால் கணக்குப்படி போடலாம், ஆனால் மூடிய பெட்டிக்குள் மணிக்கணக்காக 32 ஆம்பியரும் ஓடும்போது அது சூடாகி நள்ளிரவில் ட்ரிப் ஆகலாம், காலையில் கார் பாதி சார்ஜில் நிற்கும். அமெரிக்க மின் விதிகளில் கார் சார்ஜரைத் தொடர் சுமையாகவே எடுத்துக்கொண்டு 125 சதவீதத்துக்குக் கணக்குப் போடச் சொல்வதும் இதனால்தான், 32-க்கு அது 40 ஆகிறது. என் யோசனை, 10 ஸ்கொயர் வயரும் 40 ஆம்பியர் எம்.சி.பி.யும். செலவு அதிகம் என்று தோன்றினால் 6 ஸ்கொயர் போட்டு, 32 எம்.சி.பி. வைத்து, சார்ஜரின் செட்டிங்கில் 25 ஆம்பியருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நிற்கிற காருக்கு இந்தக் குறைவு பெரும்பாலும் தெரியவே தெரியாது.

25 மீட்டரில் வோல்டேஜ் இறங்குவது பெரிய பிரச்சினை இல்லை. போக வர 50 மீட்டர், 6 ஸ்கொயரில் 32 ஆம்பியருக்கு 5 வோல்ட்டை ஒட்டித்தான் வரும். நியூட்ரலும் எர்த்தும் பேஸ் வயரின் அதே கனத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. வயர் முனையில் லக் (உலோக முனை) வைத்து கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), சார்ஜர் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் (முறுக்கும் விசையை அளந்து நிறுத்துவது) முறுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஆளை அனுப்பிவிடாதீர்கள், ஒரு மணி நேரம் முழு ஆம்பியரில் ஓடவிட்டு இரண்டு முனையிலும் சூடு பார்த்த பிறகு போகட்டும்.

கேள்வி: வீட்டுக்கு மொத்தமாக ஒரு ஆர்.சி.சி.பி. இருக்கிறது. சார்ஜருக்கு இன்னொன்று தேவையா?

பதில்: தேவை, 30 மில்லி ஆம்பியரில், தனியாக. ஆர்.சி.சி.பி. என்பது மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். காரில் ஏசி மின்சாரம் (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) டிசியாக (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மாறுகிறது. உள்ளே ஏதாவது பழுதானால் டிசி கசிந்து வீட்டு லைனுக்குத் திரும்பி வரலாம். பல வீடுகளில் இருப்பது ஏசி டைப் ஆர்.சி.சி.பி., அதற்கு ஏசி கசிவுதான் தெரியும். டிசி கசிந்தால் அதன் உள்ளே இருக்கும் காந்த வளையம் மந்தமாகிவிடும். பிறகு வேறு ஓர் அறையில் யாருக்காவது ஷாக் அடித்தாலும் அது லைனைத் துண்டிக்காமல் போகலாம். காருக்காகப் போட்ட லைன் வீட்டின் மற்றப் பாதுகாப்பையும் கெடுக்கும் என்பதால்தான் அந்தப் பழைய ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் சார்ஜரை மாட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டு துண்டிக்கும் வசதி இருந்தால் ஏ டைப் ஆர்.சி.சி.பி. போதும், இல்லாவிட்டால் டிசி கசிவையும் உணரும் பி டைப் வேண்டும். பி டைப் விலை கூடுதல், எனவே சார்ஜர் வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சார்ஜரில் எர்த் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிகிறது. பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். விளக்கு அணையும் என்பது உண்மை. ஆனால் நியூட்ரல் வயர் வழியில் எங்காவது அறுந்தால் அந்த இணைப்பு வழியாகவே காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். கார் டயர்மேல் நிற்பதால் அந்த மின்சாரம் தரைக்குப் போக வழி இல்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவர்தான் வழி ஆவார். குழந்தைகள் தொடுகிற உயரத்தில் இருக்கும் பொருள் அது. எர்த் குழியைச் சோதித்து, தடையை மீட்டர் வைத்து அளந்து, தேவைப்பட்டால் புதிதாக எர்த் போடுங்கள். அதுவரை சிவப்பு விளக்கு எரியட்டும், கார் வெளியே எங்காவது சார்ஜ் ஆகட்டும்.

கேள்வி: 22 கிலோவாட் த்ரீ பேஸ் சார்ஜர் வாங்கினால் சீக்கிரம் ஏறுமா?

பதில்: காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும். சுவரில் மாட்டுவது உண்மையில் ஒரு பாதுகாப்பான சுவிட்ச். "நீ இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு தனிக் கம்பி வழியாகக் காருக்குச் சொல்வது அதன் முக்கிய வேலை. உங்கள் கார் சிங்கிள் பேஸில் 7.4 கிலோவாட் வாங்குவது என்றால் 22-இல் மாட்டினாலும் 7.4-தான்.

கேள்வி: ஏசியும் காரும் சேர்ந்து ஓடினால் மெயின் ட்ரிப் ஆகிறது. மெயின் எம்.சி.பி.யைப் பெரிதாக மாற்றிவிடலாமா?

பதில்: அதை மட்டும் மாற்றினால் மீட்டரிலிருந்து வரும் வயர் வேக ஆரம்பிக்கும். உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று பில்லில் பாருங்கள், போதாவிட்டால் கூட்டித் தர விண்ணப்பியுங்கள். கூட்ட முடியாத இடத்தில் மெயினில் ஒரு சென்சர் மாட்டி, வீட்டுச் சுமை ஏறும்போது காரின் ஆம்பியரைத் தானே குறைக்கிற சார்ஜர் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் சார்ஜ் தொடங்கும் நேரத்தை ஏசி அணைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான கார்களில் டைமர் உண்டு.