இலக்கு எட்டாவிட்டால் எட்டாமல் போகட்டும், நகையைத் தொடாதீர்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஆசிரியை. பிடித்தம் எல்லாம் போக மாதம் 72,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவர் கொஞ்சம் வயல் செய்கிறார். ஒரே மகள், உயர்தரம் படிக்கிறாள். அக்காவின் மகன், என் பெறாமகன், கூட்டாளிகள் மூன்று பேருடன் சேர்ந்து வீடியோ கேம் ஒன்று செய்கிறான். நிலாக் காலத்தில் மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்துப் போய், மீன் பாடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. ஒன்றரை வருடத்தில் முடிப்பார்களாம். கனடாவில் இருக்கும் என் தம்பியின் பெயரில் கிக்ஸ்டாட்டர் என்ற இணையத் தளத்தில் பலரிடம் காசு சேர்க்கிறார்கள். இலக்கு 15,000 கனடா டொலர். 310 பேர் போட்டு 10,800 வந்திருக்கிறது. இன்னும் ஒன்பது நாள்தான். இலக்கு எட்டாவிட்டால் ஒரு சதமும் கிடைக்காதாம். மிச்சம் 4,200 டொலரை நான் போட்டால், காசு வந்ததும் திருப்பித் தருவதாகவும், கேம் விற்றால் பத்தில் ஒரு பங்கு தருவதாகவும் சொல்கிறான். ஏற்கெனவே எனக்கு இரண்டு அடகு இருக்கிறது. ஒன்று அண்ணாவின் வான் லீசிங்குக்கு, மற்றது தங்கச்சியின் வீட்டுக் கூரைக்கு. இரண்டும் சேர்த்து எட்டரை இலட்சம். மூன்று வருடமாக வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து வருகிறேன். பவுண் விலை ஏறியபோது இரண்டு தடவை மேலதிகமாகவும் எடுத்தேன். மகளுக்கென்று வைத்த நகையை அடகு வைத்தால் ஒன்பது இலட்சம் எடுக்கலாம். அக்கா ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறா. வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம், டீச்சர். ஒன்பது நாளில் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேமைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் அடகைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் கேட்டது கேமைப் பற்றி. எனக்குக் கவலை தருவது அந்த மூன்று வருடம். எட்டரை இலட்சத்துக்கு வட்டி 15 வீதம் என்று குறைத்தே வைத்தாலும் வருடத்துக்கு 127,500 ரூபாய். மூன்று வருடத்தில் 382,500. வட்டி ஏறிக் கிடந்த காலத்தில் இதைவிடக் கூடவே கட்டியிருப்பீர்கள். இவ்வளவும் கட்டிய பிறகும் முதல் தொகையில் ஒரு ரூபாய் குறையவில்லை. குறையாதது மட்டுமல்ல, விலை ஏறும்போது மேலதிகமாக எடுத்ததால் முதல் கூடியிருக்கிறது. பவுண் விலை ஏறினால் அது உங்கள் சொத்து ஏறியதாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் அதை ஒவ்வொரு தடவையும் உடன்பிறப்புகளின் செலவாக மாற்றிவிட்டீர்கள். வான் அண்ணாவிடம் ஓடுகிறது, கூரை தங்கச்சியின் வீட்டில் இருக்கிறது, வட்டிப் பற்றுச்சீட்டு மட்டும் உங்கள் அலுமாரியில் சேர்கிறது. அவர்கள் மாதாமாதம் ஏதாவது தருகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அதனால் தரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு மேல் ஒன்பது இலட்சம் எடுத்தால் புதிய வட்டி வருடத்துக்கு 135,000, மாதம் 11,250. பழைய வட்டி மாதம் 10,625. இரண்டும் சேர்ந்து 21,875 ரூபாய். சம்பளத்தில் பத்தில் மூன்று பங்கு வட்டிக்கே போகும். மகளின் பல்கலைக்கழகக் காலம் தொடங்கும் நேரத்தில் இப்படி ஒரு நிலைக்கு நீங்கள் போவதை நான் விரும்பவில்லை.

இனி கேம். பிள்ளைகளின் எண்ணம் எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறது என்று காது வைத்துக் கேட்ட கதையை உலகத்துக்கு விளையாடக் கொடுப்பது நல்ல வேலை. முன்பின் தெரியாத 310 பேர் சராசரி 35 டொலர் வரையில் நம்பிப் போட்டிருக்கிறார்கள் என்பதும் சின்ன விஷயமல்ல. அதனால்தான் அந்த நம்பிக்கையை இப்படிக் கெடுக்கக் கூடாது என்கிறேன்.

கிக்ஸ்டாட்டரில் இலக்கை எட்டாவிட்டால் யாருடைய கார்டிலிருந்தும் காசு வெட்டப்படாது. உங்கள் பெறாமகன் இதை ஒரு தண்டனை போல உங்களிடம் சொல்லியிருக்கிறான். உண்மையில் அது எல்லாருக்கும் காவல். இவ்வளவு காசு இல்லாமல் இந்தக் கேமைச் செய்ய முடியாது என்று அவர்களே ஒரு தொகையைச் சொன்னார்கள். அது சேரவில்லையென்றால் காசு போட்டவர்களும் தப்புவார்கள், வாக்குக் கொடுத்த பிள்ளைகளும் தப்புவார்கள். நீங்கள் 4,200 டொலரைப் போட்டு, காசு வந்ததும் அதைத் திருப்பி எடுத்தால் அந்தக் காவல் உடைந்துவிடும். 15,000 டொலர் இருக்கிறது என்று நம்பும் 310 பேருக்கு, உள்ளே அவ்வளவு இல்லை என்பது தெரியாது. உங்கள் தம்பி ஏன் தானே போடவில்லை என்று யோசித்தீர்களா? திட்டம் அவர் பெயரில் இருக்கிறது. தன் திட்டத்துக்குத் தானே காசு போடுவதை அந்தத் தளம் அனுமதிப்பதில்லை. பிறகு திருப்பித் தருகிற கணக்கில் உங்கள் கார்டால் போட்டாலும் அது அதே வேலைதான். பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் இது மற்றவர்களை ஏமாற்றுவதாகவே முடியும்.

அந்தக் காசு போய் வரும் வழியையும் பாருங்கள். கனடா டொலரை ஏறத்தாழ 215 ரூபாய் என்று வைத்தால் 4,200 டொலர் ஒன்பது இலட்சம் வரும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கி 3 வீதம் எடுக்கிறது என்று வைப்போம், 27,000. கிக்ஸ்டாட்டர் 5 வீதம் எடுக்கும், கார்டுக் கட்டணம் இன்னும் 3 வீதமளவில், இரண்டும் சேர்த்து 72,000. கனடாவிலிருந்து திருப்பி அனுப்பும்போது நாணய மாற்றில் ஒரு 17,000 போகும். களுவாஞ்சிகுடியிலிருந்து புறப்பட்ட காசு களுவாஞ்சிகுடிக்கே திரும்பி வருவதற்குள் 1 இலட்சத்து 15 ஆயிரமளவு காணாமல் போயிருக்கும். யாருக்கும் ஒரு பயனும் இல்லாமல்.

'சின்னம்மா ஒன்பது இலட்சம் போட்டால் மற்றவர்களின் இருபத்து மூன்று இலட்சம் கிடைக்கும், அதை விடலாமா' என்று அவன் கேட்பான். அந்தக் கணக்கையும் போடுவோம். 15,000 டொலரில் 8 வீதம் போனால் 13,800, நம் காசில் 29 இலட்சத்து 67 ஆயிரம். உங்கள் ஒன்பதைத் திருப்பித் தந்தால் மிச்சம் 20 இலட்சத்து 70 ஆயிரமளவு. நான்கு பேர், பதினெட்டு மாதம். ஆளுக்கு மாதம் 29,000 கூட வராது. இசைக்கு, படத்துக்கு, பரிசோதனைக்கு, மின்சாரத்துக்கு என்று ஒரு ரூபாய் ஒதுக்காமல் சொல்கிறேன். நான்கு பேரில் ஒருவனுக்கு வேலை கிடைத்தாலோ, கட்டாருக்குப் போக விசா வந்தாலோ கேம் அப்படியே நின்றுவிடும். அப்போது 310 பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் தம்பி. இலங்கையிலிருந்து அங்கே திட்டம் தொடங்க முடியாததால் பெயரைக் கொடுத்தார். பொறுப்பும் அந்தப் பெயரோடுதான் போகும். வந்த காசு அவருடைய கணக்கில் விழும், கனடா வரித் திணைக்களம் அதை அவருடைய வருமானமாகப் பார்க்கலாம். இதை அவர் அங்குள்ள கணக்காளர் ஒருவரிடம் கேட்டாரா என்று விசாரியுங்கள்.

கேம்கள் சொன்ன திகதிக்கு வருவது அரிது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஈதன் மொலிக் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், காசு கிடைத்த கிக்ஸ்டாட்டர் திட்டங்களில் ஏறத்தாழ 9 வீதமானவை வாக்களித்ததைக் கொடுக்கவே இல்லை. பிந்திக் கொடுத்தவை அதைவிட மிக அதிகம். கை நிறையக் காசு வந்தவர்களுக்கும் இதே கதைதான். 2012 இல் டபிள் ஃபைன் என்ற அமெரிக்க நிறுவனம் 4 இலட்சம் டொலர் கேட்டது, 33 இலட்சத்துக்கு மேல் வந்தது. காசு கூடியதும் கேமையும் பெரிதாக்கினார்கள், பிறகு அந்தக் காசும் போதவில்லை. 2014 இல் முதல் பாதியை வெளியிட்டு, அது விற்ற காசையும் சேர்த்து 2015 இல் மறுபாதியைக் கொடுத்தார்கள். அவர்கள் பல வருடம் கேம் செய்து பழகியவர்கள். ஸ்டார் சிட்டிசன் என்ற கேமுக்கும் 2012 இல்தான் காசு சேர்க்கத் தொடங்கினார்கள், 2014 இல் வரும் என்றார்கள். 70 கோடி டொலருக்கு மேல் சேர்ந்தும் இன்னும் முழுமையாக வெளிவரவில்லை.

பத்தில் ஒரு பங்கு என்ற பேச்சை மறந்துவிடுங்கள். கிக்ஸ்டாட்டரில் காசு போடுகிறவர் பங்காளி அல்ல. ஒக்யூலஸ் என்ற மெய்நிகர் கண்ணாடிக்கு 2012 இல் சனங்கள் 24 இலட்சம் டொலர் போட்டார்கள். 2014 இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 200 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. காசு போட்டுத் தொடக்கி வைத்தவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு ஏதும் இல்லை, சட்டப்படி கேட்கவும் இடம் இல்லை. பெறாமகன் வாய்ச்சொல்லில் தரும் பங்கு அதைவிடப் பலவீனமானது. இன்னும் பதிவு செய்யாத, ஒரு பிரதி கூட விற்காத கேமில் பத்தில் ஒன்று என்பதை எந்த வங்கியும் ஈடாக எடுக்காது. கிக்ஸ்டாட்டர் சரிவராவிட்டால் டோக்கன் என்ற கிரிப்டோ நாணயம் விடலாம், கேமுக்குள் நிலம் விற்கலாம் என்று யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் நீங்களும் போக வேண்டாம், அவனையும் விட வேண்டாம். 2021 இல் அப்படிப்பட்ட டோக்கன்களை வாங்கியவர்களில் பலர் அடுத்த வருடமே பெருந்தொகையை இழந்தார்கள்.

இந்த வழியில் வென்றவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அண்டர்டேல் என்ற கேமை ஏறத்தாழ ஒரே ஆள் செய்தார். 2013 இல் முதலில் விளையாடிப் பார்க்கும்படி ஒரு சிறு பகுதியை இலவசமாகக் கொடுத்தார், பிறகு வெறும் 5,000 டொலர் கேட்டார். 51,000 டொலருக்கு மேல் வந்தது. 2015 இல் கேம் வெளிவந்து உலகம் முழுக்க விற்றது. உங்கள் பிள்ளைகளுக்கு உதவும் பாடம் இதில்தான் இருக்கிறது. அவர்கள் 15,000 கேட்டதால் தோற்கிறார்கள். 8,000 கேட்டிருந்தால் இன்று வென்றிருப்பார்கள். இது முடிந்ததும் மறுபடி தொடங்கலாம். காசு போட முன்வந்த 310 பேருக்கும் அந்தத் தளத்திலேயே செய்தி அனுப்ப முடியும். வாவியில் ஒரே ஓர் இரவு, ஒரே ஒரு தோணி என்று கேமைச் சுருக்கட்டும். விளையாடக்கூடிய பத்து நிமிடத்தைச் செய்து காட்டட்டும். ஆறு மாதத்தில் முடியக்கூடிய அளவுக்கு வைத்து 8,000 கேட்கட்டும். அப்போது நீங்களும் எல்லாரையும் போல 25 டொலர் போடுங்கள். நம் காசில் ஐயாயிரத்து நானூறு ரூபாயளவு. சின்னம்மாவின் அன்பைக் காட்ட அது போதும்.

அக்காவுக்கு என்ன சொல்வது? நீண்ட விளக்கம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். "அக்கா, எட்டரை இலட்சம் அடகு இருக்கு. அதை மீட்காமல் இனி ஒரு நகையும் வைக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். நாளைக்கு போன் வந்தாலும் அதையே சொல்லுங்கள். நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடும் நகையும் கொடுக்கும் வழக்கம் இருப்பது அக்காவுக்கும் தெரியும். உங்கள் மகளின் நகை குடும்பத்தின் பொதுக் காசு அல்ல என்பதை அவ மறுக்க மாட்டா.

அண்ணாவிடமும் தங்கச்சியிடமும் இந்தக் கிழமையே பேசுங்கள். முழுவதையும் கேட்காதீர்கள், கேட்டால் முகம் கோணும், காசும் வராது. அவரவருக்காக வைத்த அடகின் வட்டியை இந்த மாதத்திலிருந்து அவரவர் கட்டட்டும். தங்கச்சியால் முடியாவிட்டால் பாதியையாவது கட்டட்டும்.

பிறகு ஒரு கடினமான விஷயம். அடகில் இருக்கும் நகைகளில் ஒன்றை மீட்டு விற்றுவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். கோபிக்காதீர்கள். மேலதிகமாக எடுத்த பிறகும் பவுண் விலை ஏறியிருப்பதால், பல நகைகள் இன்று அடகுத் தொகையைவிடக் கூட விலை போகும். அடகுச் சீட்டில் உள்ள நிறையை எழுதிக்கொண்டு போய் இரண்டு கடையில் விலை கேளுங்கள். ஒரு சோடிக் காப்பை விற்று அதன் அடகைத் தீர்த்தால், மிச்சக் காசை மற்ற அடகின் முதல் தொகையில் கட்டலாம். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து இதைச் செய்யாமல் விடுகிறவர்கள், கடைசியில் ஏலத்தில் முழுவதையும் இழப்பதைப் பார்த்திருக்கிறேன். விற்க மனம் இல்லாவிட்டால், புதிய அடகுக்கு மாதாமாதம் கட்டத் தயாராக இருந்த அந்த 11,250 ரூபாயைப் பழைய சிறிய அடகின் முதலுக்குத் திருப்புங்கள். அந்த அடகு மூன்றரை இலட்சமளவு என்றால், வழக்கமான வட்டியோடு இதையும் கட்டி வந்தால் இரண்டு வருடமும் சொச்சமும் போக மீண்டுவிடும். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் காலத்தில் ஒரு அடகு குறைந்திருக்கும்.

அடுத்த தடவை திருப்பி வைக்கும் திகதி சீட்டில் இருக்கும். அதற்கு முன்பே வங்கிக்குப் போய், பகுதிக் கட்டணத்தை முதல் தொகையில் வரவு வைக்கும்படி கேளுங்கள். புதிய சீட்டில் முதல் தொகை குறைந்திருக்கிறதா என்று கருமபீடத்திலேயே நின்று பாருங்கள். மேலதிகமாக எடுக்கிறீர்களா என்று அலுவலர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.