குடியை நிறுத்தியவருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: பத்து ஆண்டுகளாகத் தினமும் ஒரு குவார்ட்டருக்குக் குறையாமல் குடித்து வந்த என் கணவர், குடியை நிறுத்தி இரண்டு நாட்கள் ஆகின்றன. இரவில் பொட்டுத் தூக்கம் இல்லை. மருந்துக்கடையில் சளி மாத்திரை ஒன்றைக் கொடுத்து, நன்றாகத் தூங்குவார் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. மதுவால் அடங்கிக் கிடந்த மூளை, அது திடீரென்று நின்றதும் கட்டுக்கடங்காமல் விழித்துக்கொள்வதால் வருகிற தூக்கமின்மை இது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, இருக்கும் இடம் புரியாமல் அரற்றுகிற, உயிருக்கே ஆபத்தான நிலையும் வரலாம். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவழைக்கும் புரோமெத்தசின் போன்ற மாத்திரைகள் இவற்றைத் தடுப்பதில்லை. குழப்பத்தையும் வலிப்புக்கான வாய்ப்பையும் அதிகப்படுத்தக்கூடும். அவர் அசந்து கிடப்பதைத் தூக்கம் என்று நம்பி நீங்களும் இருந்துவிடுவீர்களோ என்பதே என் அச்சம்.

இரு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரிக்கச் சொல்லிப் பாருங்கள். விரல் நுனிகள் நடுங்கினாலோ, மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்தாலோ இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் நடுக்கத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் அடுத்து, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரசோலம் என்ற மாத்திரையை நீட்டுவார். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் அது சில்லறையாகக் கைமாறுவதைத் தடுக்க ஆளில்லை. அதைவிடக் கொடுமை, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுங்கள் என்று விற்கப்படும் பொடி. அதில், குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்து அவர் மறுபடி குடித்துவிட்டால், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். எத்தனை மனைவிமார் தாலியை அடகு வைத்து அதை வாங்கிவிட்டு, பிறகு என் முன்னால் வந்து அழுதிருக்கிறார்கள்!

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் ஏற்கெனவே மாதக்கணக்கில் அல்பிரசோலம், டயஸிபம் போன்றவற்றைச் சாப்பிட்டு வருபவர் என்றால், நான் மேலே சொன்னதை வைத்துக்கொண்டு அதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மதுவும் மாத்திரையும் ஒரே நேரத்தில் நின்றால் வலிப்பு வரும் வாய்ப்பு இன்னும் அதிகமாகும். சொந்தமாக வாங்கிச் சாப்பிட்டதாக இருந்தாலும் சரி, அளவைக் குறைப்பது மருத்துவர் பார்த்துப் படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில், அளவு பார்த்து மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுப்பார்கள். எங்கே செல்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கேட்கலாம். வலிப்போ அரற்றலோ தொடங்கிவிட்டால் 108-ஐ அழையுங்கள். நல்ல தூக்கம் திரும்பச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். மருத்துவமனைக்குப் போகும்போது கடையில் கொடுத்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய், ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.