மனச்சோர்விலிருந்து மீண்ட கதையைப் பெயர் மறைத்து எழுதினால் போதுமா?

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியில் (படகர் சிற்றூரில்) வாழும் நீங்கள், மனச்சோர்விலிருந்து மீண்ட அனுபவத்தைப் புனைபெயரில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம், ஆனால் பெயரை மட்டும் மாற்றுவது நீலகிரியின் சிற்றூர்களில் போதாது. தேயிலைத் தொழிற்சாலையின் பெயர், கணவரின் வேலை, மருத்துவமனைக்குச் சென்ற மாதம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஊரார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. எதை வெளியிடுவது என்ற முடிவு உங்களுடையது. உறவினரைப் பற்றி எழுதுவதற்கு அவர்களின் சம்மதத்தைக் கேட்டுவிடுங்கள்.

"மிகவும் துன்பப்பட்டேன்" என்று எழுதுவதைவிட, பச்சைத் தேயிலையை எடை போடும் இடத்தில் நாலு பேர் முகத்தைப் பார்க்க அஞ்சி, மூட்டையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பிய ஒரு காலையை எழுதுங்கள். வாசகருக்கு நோய் புரிந்துவிடும். மீட்சியையும் அப்படியே, மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்ததையும் இடையில் மீண்டும் சரிந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். மன உறுதி ஒன்றே குணப்படுத்தியது என்று எழுதுவது, என் கருத்தில், மருந்து உட்கொண்டிருப்பவருக்குச் செய்யும் அநீதி. மருந்தின் பெயரும் அளவும் வேண்டாம், பார்த்து வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. தற்கொலை எண்ணம் வந்திருந்தால் அதைக் குறிப்பிடலாம். வழிமுறையை எழுதக் கூடாது.

எழுதும்போது பழைய கலக்கம் திரும்பினால் நிறுத்திவிட்டு, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.