எரியாத விளக்குக்கும் கணக்கு

அன்புள்ள சார்,

எழுத வருவதற்கு முன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மின்சேமிப்புத் திட்டம் ஒன்றில் கணக்குப் பார்த்ததாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக அதே வேலை. பொதுப்பணத்தில் நடக்கும் வட்டார மின்சேமிப்புத் திட்டம் ஒன்றில் அனலிஸ்ட். சொந்த ஊர் பல்லடம் பக்கம், அப்பா தறி ஓட்டியவர். 2012 மின்வெட்டில் கரண்ட் வரும் நேரத்துக்குத் தூங்கி, கரண்ட் வரும் நேரத்துக்கு எழுந்த வீடு எங்களுடையது. இங்கே என்னடாவென்றால் கரண்டைச் செலவு செய்யாமல் இருக்க ஜனங்களுக்குக் காசு கொடுக்கிறார்கள், அதற்கு நான் கணக்கெழுதுகிறேன். "என்ன வேலை கண்ணு அது?" என்று அம்மா வாராவாரம் போனில் கேட்கிறார். "செலவு பண்ணாத கரண்டை எண்றேம்மா" என்றால், "செலவு பண்ணாததை எப்படிக் கண்ணு எண்ணுவே?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது ஒரு சிக்கல். பழைய மின்ஹீட்டர் இருந்த வீடுகளில் ஹீட் பம்ப், அதாவது வெளிச்சூட்டை உள்ளே இழுக்கும் கருவி, வைக்க மானியம் கொடுத்தோம். போன மாதம் அந்த வீடுகளின் பில்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏட்டில் எழுதி வைத்திருக்கும் சேமிப்பில் ஏறக்குறைய பாதிதான் வருகிறது. சில வீடுகளில் செலவு கூடியே இருக்கிறது. "அந்த வீடுகளை விலக்கிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்" என்கிறார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. எண் இறங்கினால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம். நான் என்ன செய்வது? இந்த வேலைக்கு உண்மையில் ஏதாவது பொருள் இருக்கிறதா?

கடைசியாக ஒன்று, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஹீட்டரை எத்தனையில் வைக்கிறீர்கள்?

ஆர்.
(முழுப்பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் அம்மா கேட்டதுதான் இந்தத் துறையின் முதல் கேள்வி. இன்றுவரை முழுப் பதில் கிடைக்காத கேள்வியும் அதுதான். எரிந்த யூனிட்டுக்கு மீட்டர் உண்டு. எரியாத யூனிட்டுக்குக் கிடையாது. பிடி அரிசி எடுத்து வைக்கிற வீட்டில் அதற்கென்று ஒரு கலயமாவது இருக்கும், எட்டிப் பார்க்கலாம். நம்முடைய பிடி அரிசி உலையிலும் இல்லை, கலயத்திலும் இல்லை. மானியம் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த வீடு எவ்வளவு இழுத்திருக்கும் என்று நடக்காத கதை ஒன்றை எழுதி, அதிலிருந்து நடந்ததைக் கழிக்கிறோம். நான் கதை எழுதப் பழகியதே அந்த அலுவலகத்தில்தான் என்று என் மனைவி சொல்வாள்.

ஆனால் நீங்கள் வேலை பார்க்கிற வட்டாரத்தில் அந்தக் கதைக்கு ஒரு தனி எடை உண்டு. அதைச் சொல்லாமல் உங்கள் சிக்கலுக்கு வர முடியாது.

ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சாட்சாப் போய் வாருங்கள். போர்ட்லண்டிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். காட்டுக்கு மேலே இரண்டு பெரிய சிமெண்ட் கோபுரங்கள் தெரியும். இடுப்பு சிறுத்து, வாய் விரிந்து, பெரிய உரலைக் கொண்டுவந்து வைத்தது மாதிரி இருக்கும். அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள். அவற்றிலிருந்து ஒருநாளும் ஆவி எழும்பியதில்லை. 1970களில் இந்த வட்டாரத்துக்கு மின்தேவை கணித்தவர்கள், பத்து வருடத்துக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகும் என்று கோடு போட்டார்கள். கொலம்பியா ஆற்றின் அணைகள் போதாது என்று ஐந்து அணு உலைகளைக் கட்டத் தொடங்கினார்கள். செலவு எகிறியது, தேவையோ கோட்டின்படி ஏறவில்லை. ஓடியது ஒன்றே ஒன்று. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் வாங்கிய 225 கோடி டாலர் கடன்பத்திரங்கள் 1983இல் திவாலாயின. அமெரிக்காவில் அதுவரை எந்த உள்ளாட்சிக் கடனும் அந்த அளவுக்கு மூழ்கியதில்லை. கட்டிய அமைப்பின் பெயரைச் சுருக்கினால் 'ஊப்ஸ்' என்று வரும். கையிலிருந்து பாத்திரம் நழுவும்போது வெள்ளைக்காரர் வாயில் வருகிற சத்தம் அது.

அந்தக் கோபுரங்களை எழுப்பியது ஒரு தப்புக் கணக்கு. போட்டவர்கள் நம்மைப் போன்ற அனலிஸ்ட்கள்தான்.

திவாலுக்கு முன்பே, நெருப்பு புகைய ஆரம்பித்த நேரத்தில், 1980 டிசம்பரில் வடமேற்கு மின்சாரச் சட்டம் வந்தது. வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா என நான்கு மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு மின்திட்டக் கவுன்சில். மாநிலத்துக்கு இரண்டு பேர். தலைமையிடம் உங்கள் ஊரேதான். அந்தச் சட்டம் செய்த காரியம் இது: சேமித்த மின்சாரத்தையும் ஒரு மின்நிலையமாகக் கணக்கில் எடு, வரிசையில் அதை முதலில் வை, காற்றாலையும் மற்றதும் அப்புறம். அதோடு விடவில்லை. சேமிப்புக்குப் பத்து சதவீதம் சலுகையும் கொடுத்தது. நூறு ரூபாய்க்கு ஒரு நிலையத்தில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிப்பின் மூலம் நூற்றுப்பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் லாபம்தான் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

சட்டத்துக்குச் சற்று முன்னே, 1978இலிருந்து எண்ணினால், இதுவரை அப்படிச் சேர்ந்தது 7,000 சராசரி மெகாவாட்டுக்கு மேல். அம்மாவுக்குப் புரியும்படி சொல்வதென்றால், கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட். அப்படி ஏழு உலைகள் வருடம் முழுக்க ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடினால் எவ்வளவோ அவ்வளவு. இந்த வட்டாரத்தில் ஆற்றுக்கு அடுத்த பெரிய மின்நிலையம் இதுதான். வேலி கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. உங்கள் எக்செல் ஷீட்டில்தான் இருக்கிறது.

இப்போது பாதி எண்ணுக்கு வருவோம். இது உங்களுக்கு முதலில் நடப்பது இல்லை. கொலம்பியா ஆற்றோரம் ஹூட் ரிவர் என்று பேரிக்காய்த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம்தான், போயிருப்பீர்கள். சட்டம் வந்த சூட்டில், 1983 வாக்கில், அங்கே ஒரு பரிசோதனை நடந்தது. மின்சாரத்தால் சூடாகும் வீடு எதுவாக இருந்தாலும் வாசலுக்கே போய், கூரைக்கும் தரைக்கும் இன்சுலேஷன், ஜன்னலுக்கு மேல்கண்ணாடி என்று ஏறக்குறைய எல்லாச் செலவையும் திட்டமே ஏற்றுச் செய்து கொடுத்தது. மொத்தம் இரண்டு கோடி டாலர், ஏறத்தாழ மூவாயிரம் வீடுகள். தகுதியுள்ள வீடுகளில் 85 சதவீதம் போல வேலை நடந்தது. அப்படி ஒரு வரவேற்பை அதற்கு முன் எந்தத் திட்டமும் பார்த்ததில்லை. பிறகு மீட்டரைப் பார்த்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கணித்த சேமிப்பில் பாதிகூட வரவில்லை.

இன்சுலேஷனில் குற்றம் இல்லை. திட்டம் வருவதற்குள் மின்கட்டணம் ஏறியிருந்தது. ஜனங்கள் தாங்களாகவே குறைத்துக்கொண்டு, விறகடுப்புக்குப் போயிருந்தார்கள். கணித்தவர்கள் வீட்டைப் பார்த்தார்களே தவிர வீட்டுக்காரர்களைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே எரியாமல் இருந்ததை எப்படிச் சேமிக்க முடியும்?

நான் இதைப் படித்திருந்தேன். படித்தும் உறைக்கவில்லை. 2012 குளிர்காலத்தில் காஸ்கேட் மலைக்குக் கிழக்கே, ஆப்பிள் தோட்டங்கள் நடுவே ஒரு வீட்டுக்குப் போனேன். பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே மைனஸ் குறி. ஹீட் பம்ப் வைத்த பிறகு செலவு கூடியிருந்தது. மெஷினில் கோளாறு என்று நினைத்து காண்ட்ராக்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். மொபைல் ஹோம் என்கிறார்களே, தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிற வீடு, அந்த வகை. எண்பதைத் தொடுகிற ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். மெஷின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது. மூலையில் இரும்பு விறகடுப்பு. அதன் மேல் மருந்து டப்பாக்கள், ஒரு குடும்பப் படம். அடுப்பின் மேல் யாரும் மருந்து வைக்க மாட்டார்கள், அது இனி எரியாது என்று முடிவு செய்திருந்தால் தவிர. வெளியே தார்ப்பாய் போர்த்திய விறகுக் குவியல் மேல் பனி கலையாமல் கிடந்தது. கோடாலி கதவோரத்தில் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது.

"முட்டி போச்சு. விறகு தூக்க முடியவில்லை" என்றார் பெரியவர். "போன வருஷம் வரைக்கும் பின்னறை முழுக்கச் சாத்திதான் வைத்திருப்பேன். இப்போது எல்லா அறையும் சூடு."

அவர் மின்சாரத்தை வீணடிக்கவில்லை. விறகை நிறுத்தியிருக்கிறார், முன்பு குளிர்ந்து கிடந்த அறையில் படுத்துத் தூங்குகிறார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி அந்த வரியை 'விதிவிலக்கு' என்று நீக்கினேன். உங்கள் மேலாளர் இப்போது சொல்வதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே செய்தேன். அதே மாதிரி இன்னும் எத்தனை வரிகளை நீக்கினேன் என்பதை இப்போது யோசிக்காமல் இருக்கவே பார்க்கிறேன்.

ஆகவே விலக்குவது பற்றி. விலக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இடையில் வீடு கைமாறியிருக்கலாம், மின்சாரக் கார் வந்திருக்கலாம், பாதி வருடம் பூட்டிக் கிடந்திருக்கலாம். அந்த வீடுகளை எடுங்கள். ஆனால் காரணத்தை வைத்து எடுக்க வேண்டும், விடையைப் பார்த்து எடுக்கக் கூடாது. ஏறிய வீடுகளில் எதைக் காரணமாகக் காட்டுகிறீர்களோ, அதையே சல்லடையாக வைத்து இறங்கிய வீடுகளையும் சலித்துப் பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடு பிரமாதமாகச் "சேமித்திருக்கும்". அதை யாரும் விலக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள், சரிதானே?

அதற்குப் பிறகு, முன்பு விறகோ கேஸோ எரித்த வீடுகளைத் தனி வரியாகப் பிரியுங்கள். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லையென்றால் ஐம்பது வீட்டுக்குப் போன் போடுங்கள். இரண்டு நாள் வேலை. நம்மூர் ஸ்ப்ளிட் ஏசியைத் தலைகீழாக ஓடவிட்டால் அதுதான் ஹீட் பம்ப், வெளியிலிருக்கும் சூட்டை இழுத்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் சூட்டை வீட்டுக்குள் கொடுக்கும். வெறும் மின்ஹீட்டரை நம்பியிருந்த வீட்டில் அது பெரும்பாலும் சேமிக்கத்தான் செய்யும். அந்த வரியில் எண் ஏட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டால் வேறு எங்கோ ஓட்டை, அதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மேலாளரிடம் "பாதிதான் வருகிறது" என்று ஒற்றை எண்ணோடு போகாதீர்கள். அதைக் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். "இந்த வீடுகளில் வருகிறது, இந்த வீடுகளில் வரவில்லை, ஏனென்றால் இது" என்று இரண்டு வரியாகப் போங்கள். அப்போது பேச்சு திட்டத்தை மூடுவதைப் பற்றி இருக்காது, மானியத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றி இருக்கும். வட்டாரத்துக்கென்று 1999இலிருந்து ஒரு தொழில்நுட்ப மன்றம் இருக்கிறதே, ஒவ்வொரு கருவிக்கும் இவ்வளவு யூனிட் என்று எழுதி வைப்பதும் திருத்துவதும் அவர்கள் வேலை. எண்ணைக் குறைப்பது அவர்களுக்குப் புதிதும் இல்லை, அவமானமும் இல்லை. எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். கடையில் குண்டு பல்பே கிடைக்காத காலம் வந்த பிறகு எல்.இ.டி.க்கு மானியம் கொடுத்துச் சேமித்தேன் என்று யார் சொல்ல முடியும்?

உங்கள் மேலாளரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எண்ணை ஏற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். உங்கள் எண் ஏதோ விளம்பரத் தாளில் போய் முடிவதில்லை. அது மின்திட்டத்துக்குள் நுழைகிறது. இத்தனை மெகாவாட் சேமிப்பு இருக்கிறது, ஆகவே இத்தனை மெகாவாட் கட்ட வேண்டாம் என்று அதை நம்பி ஒருவர் முடிவெடுக்கிறார். 2024 ஜனவரி நடுவில் அடித்த குளிர் உங்களுக்கு நினைவிருக்கும் அல்லது சொல்லக் கேட்டிருப்பீர்கள். வட்டாரம் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கித்தான் அந்த நாட்களைத் தாண்டியது. அப்படி ஒரு காலையில், எக்செல் ஷீட்டில் இருக்கிற மின்நிலையம் வெளியில் இல்லை என்று தெரிந்தால்? சாட்சாப்பில் தேவையைக் கூட்டி எழுதினார்கள், கோபுரம் வீணானது. சேமிப்பைக் கூட்டி எழுதினால் இருட்டுதான். அது எப்படி இருக்கும் என்று பல்லடத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார் என் பாட்டி. இந்த ஊரில் எல்லாவற்றையும் ஓர் ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள், அணைக்கு அந்தப் பக்கம் சால்மன் மீன் வேறு வழி கேட்டு நிற்கிறது. சட்டத்தில் மின்சாரத்தோடு மீனையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்.

பொருள் இருக்கிறதா என்று கேட்டீர்கள். எனக்கு அந்தப் பெரியவரின் பின்னறை ஞாபகம் வருகிறது. எங்கள் ஏட்டில் அதற்குப் பத்தி கிடையாது. உங்கள் அறிக்கையில் குறிப்பு என்று ஒரு இடம் இருக்குமே, அங்கே எழுதுங்கள். இத்தனை வீடுகளில் செலவு கூடியது, அவற்றில் இத்தனை பேர் விறகை நிறுத்தியவர்கள் என்று. யாராவது ஒருவர் படிப்பார்.

ஹீட்டரை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைக்கிறேன். மனைவி 70இல் வைக்கிறாள். காலையில் எழுந்து பார்த்தால் 72இல் இருக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.