குறிஞ்சி பார்க்க 2030 வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: 2018-ல் மூணாறு போக முடியவில்லை. அடுத்தது 2030 என்கிறார்கள். ஆனால் ஆண்டுதோறும் 'குறிஞ்சி பூத்தது' என்று படம் வருகிறதே, அதை நம்பிக் கிளம்பலாமா?

பதில்: பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு சரிதான், ஆனால் அது ஒவ்வொரு மலைச்சரிவுக்கும் தனித்தனி. மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவில் 1994, 2006, 2018 என்று வந்ததால் அடுத்தது 2030. அதே இடுக்கி மாவட்டத்தில் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் பூத்தது 2022-ல். அங்கே கணக்கு 2034-க்குப் போகும். ஆகவே படம் பொய்யில்லாமலும் இருக்கலாம். எந்த மலை, எந்தத் தேதி என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும். சோலைக்காட்டு நிழலில் ஆளுயரம் வளர்ந்து நிற்பது பெரும்பாலும் வேறு இனம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவில், முழங்கால் உயரத்தில் புதராக அடர்ந்து நிற்கும்.

பூக்காலம் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. முதல் செய்தி வந்ததும் ஓடாதீர்கள். அப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். போய்வந்தவரிடம் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். கதிரில் மொட்டு நிறைய இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பூ உதிர்ந்து பழுப்பேறிய கூடுகளே மிகுந்திருந்தால் பயணத்தை விட்டுவிடலாம். இது மழைக்காலம் என்பதையும் மறக்க வேண்டாம்: 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாறுச் சாலைகளே துண்டிக்கப்பட்டன. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். இரவிகுளத்துக்குள் சொந்த வண்டி போகாது, வனத்துறைப் பேருந்துதான். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். காலையிலேயே ஏறிவிடுவது நல்லது, மஞ்சு இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

செல்ஃபிக்காகப் பாதையை விட்டு இறங்குவதுதான் பெரிய சேதம். இந்தச் செடி வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதைத்து, செத்துவிடும். சரிவு முழுக்க ஒரே வயதுச் செடிகள். மிதிபட்டதற்குப் பதிலாக அடுத்த ஆண்டு பூக்க இளஞ்செடி எதுவும் கிடையாது. பறிப்பது சட்டப்படி குற்றமும்கூட; நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் இருக்கிறது.

பூ முடிந்த பிறகு போகிறவர்களுக்கும் இதே விதிதான். வெறும் காய்ந்த சுள்ளி போலத் தெரியும்; பூ முடிந்த பிறகு விதை முற்ற மாதங்கள் ஆகும், அதுவரை எல்லாம் அந்தச் சுள்ளியில்தான் இருக்கிறது.